மிஷின் கிள்ளிய காலை

“ஏன் தம்பி, நீ கரண்ட்டு வேலைக்குப் படிச்சவன்தானே? கீழ அந்தக் கலவை மிஷினு கிள்ளுது. இன்னான்னு வந்து பாரேன்.”

தலையிலிருந்த காங்கிரீட் சட்டியைக் கொத்தனார் கையில் இறக்கிவிட்டு, காலிச் சட்டியை வாங்கும்போது அஞ்சலையக்கா இதைச் சொன்னார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திரும்பிச் சாரத்தில் இறங்கிப் போய்விட்டார். நின்று பேச யாருக்கும் நேரமில்லை. அன்று தளம் போடும் நாள்.

நான் முதல் மாடிக்கு மேலே, பலகை அடித்துக் கம்பி கட்டியிருந்த பரப்பில் நின்றிருந்தேன். கம்பிகளுக்கு இடையே என் இரும்புக் குழாய்கள் ஓடின. பின்னால் அவற்றுக்குள்தான் ஒயரை இழுக்க வேண்டும். கொத்தனார் காலில் ஒன்று நசுங்கினாலும், காங்கிரீட் இறுகிய பிறகு கடவுளே வந்தாலும் அதில் ஒயர் நுழையாது. அதனால் விடிந்ததிலிருந்து, “அண்ணே, காலு... அண்ணே, பைப்பு” என்று கத்திக்கொண்டே இருந்தேன். தொண்டை கட்டிப்போயிருந்தது. கடல் காற்றில் ஈரச் சிமென்ட் வாடை.

அந்த இரைச்சலிலும் ‘கிள்ளுது’ என்ற சொல் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. இரும்பு கிள்ளாது. கிள்ளினால் அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது.

பட்டறையை விட்டு வந்தவன்

ஒயர்மேன் பரீட்சையில் தேறிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். தேறின கையோடு நான் செய்த முதல் காரியம், முத்தியால்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த பட்டறை வேலையை விட்டதுதான்.

பட்டறையில் குறை ஒன்றுமில்லை. தலைக்கு மேல் கூரை, உட்கார முக்காலி, நாள் முழுக்க வார்னிஷ் நெடி. ஆனால் அங்கே வருகிற மோட்டார் எல்லாம் செத்த மோட்டார். பிணத்தை அறுத்துப் பார்ப்பது மாதிரிதான் நாங்கள் வேலை செய்தோம். உயிர் கொடுத்து அனுப்பினால், அது போய் எங்கே ஓடுகிறது, என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியாது. எனக்கு வயது இருபத்திரண்டோ மூன்றோ. ஒரு கட்டடத்தில் நானே குழாய் பதித்து, நானே ஒயர் இழுத்து, நானே சுவிட்சைப் போட்டு விளக்கை எரிய விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

பிள்ளைச்சாவடியில் எங்கள் வீட்டுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. அப்பா கட்டுமரம் ஏறுவார். அம்மா கூடையைத் தலையில் வைத்து முத்தியால்பேட்டை வரை நடந்து மீன் விற்பார். கட்டட வேலைக்குப் போகப்போகிறேன் என்றதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கண்ணுக்குத் தெரியற மீனப் புடிக்கச் சொன்னா மாட்டேன்ற. கண்ணுக்குத் தெரியாத கரண்ட்டப் போயி புடிக்கறேன்ற. ஏழுமல, உனக்கு இன்னாடா குறைச்ச?”

“அதப் புடிக்கக் கூடாதும்மா. புடிக்காம வேல செய்யறதுக்குத்தான் பரீட்சையே.”

அம்மா சிரிக்கவில்லை. அப்பாதான் வலையைப் பிரித்துக்கொண்டே சிரித்தார்.

முசியே

கருவடிக்குப்பம் போகிற வழியில், பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஊரில் எங்கே பார்த்தாலும் செங்கல்லும் ஜல்லியுமாகக் குவிந்துகிடந்த காலம். அதுவரை மரவிட்டம் போட்டுச் செங்கல் அடுக்கித் தளம் போட்டவர்கள், கம்பி கட்டிக் காங்கிரீட் கொட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

விடுதியைக் கட்டிய கான்ட்ராக்டரை எல்லாரும், பிரெஞ்சில் ‘ஐயா’ என்கிற பொருளில், ‘முசியே’ என்றுதான் கூப்பிட்டோம். தமிழர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, எங்கெங்கோ சுற்றிவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். வெள்ளைக் கால்சட்டை, தலையில் தொப்பி, ஏறி வருவது வெலோ. சைக்கிளை அப்போது ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வோம்.

அவருக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சு வரும். ‘பொறு’ என்பதற்கு அந்த பாஷையில் அவர் கத்துகிற சொல் நம் காதில் ‘அத்தான்’ என்றே விழும். “அத்தான்! அத்தான்!” என்று அவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவார். சித்தாள் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “யாரடி கூப்பிடறாரு, உன்னையா என்னையா?” என்று கேட்டுக்கொண்டு சிரிப்பார்கள். அவருக்கு அது கடைசி வரை புரியவில்லை.

முசியேவுக்கு அடுத்தபடி வேலாயுத மேஸ்திரி. ஆள் வைப்பதும் விரட்டுவதும் அவர்தான். முதல் நாளே என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

“நீதான் கரண்ட்டுக்காரனா? சுவத்துக்குள்ள குழாய வெய்யி, கொத்தனாரு கூடச் சண்ட போடாத. மத்தது எதுலயும் தலையிடாத.”

சண்டை போடாமல் எப்படி இருப்பது? காலையில் சுவரில் காடி வெட்டிச் சுவிட்சுப் பெட்டியைப் பதித்துவிட்டுப் போவேன். மாலையில் வந்து பார்த்தால் கொத்தனார் அதன் மேலேயே மொழுமொழுவென்று பூசி வைத்திருப்பார். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல நான் சுவரைத் தட்டித் தட்டிப் பெட்டியைக் கண்டுபிடிப்பேன். பட்டறையில் எட்டு மாதத்தில் கற்றுக்கொள்ளாத வாய்ச் சவடாலை எட்டே நாளில் அங்கே கற்றுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது.

குடம் உருண்டது

தளம் போடுவதற்கென்று முசியே கலவை மிஷின் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். மோட்டாரில் ஓடுவது. விற்றவர்கள் அனுப்பிய ஆள் வந்து கரண்ட் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மேஸ்திரி முன்னாலேயே சொல்லிவிட்டார்.

அஞ்சலையக்கா சொன்ன பிறகு நான் மாடி விளிம்புக்கு வந்து கீழே பார்த்தேன். மிஷினை ஓட்டுகிறவர் தடித்த பலகை மேல், காலில் செருப்போடு நின்றிருந்தார். தண்ணீர் ஊற்றுகிற பெண்கள் வெறுங்காலோடு சேற்றில் நின்றிருந்தார்கள். குடத்தைத் தூக்கி டிரம்மின் வாயில் சாய்க்கும்போது குடம் இரும்பில் படும். ஒவ்வொருத்தியும் ஊற்றின மறு நொடி கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள்.

“கூச்சம்டா இவளுங்களுக்கு. மிஷினு தொட்டாக்கூடக் கூச்சம்” என்று ஜல்லி அள்ளுகிறவன் ஒருவன் சொல்ல, ஆண்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாரத்தில் இறங்க ஆரம்பித்தேன். பாதி இறங்கியிருப்பேன், “ஐயோ” என்று குரல்.

செல்லம்மாவின் குரல். அஞ்சலையக்காவின் தம்பி மனைவி. கல்யாணமாகி வந்து சில மாதம்தான் ஆகிறது. அவள் சாய்த்த குடம் டிரம்மோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றது. அவள் கையும் குடத்தோடு நின்றது. கண் இமைக்கிற நேரம்தான். பிறகு யாரோ பிடித்துத் தள்ளியதுபோல மல்லாந்து சேற்றில் விழுந்தாள். குடம் உருண்டு போய்ச் செங்கல் குவியலில் முட்டியது.

நான் குதித்து ஓடினேன், அவளிடம் அல்ல, கம்பத்தில் இருந்த பியூஸ் பலகைக்கு. பியூஸ் கட்டையை உருவினேன். மிஷின் முனகிக்கொண்டே நின்றது.

செல்லம்மா எழுந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டைப் பையில் பியூஸ்

“யாருடா நிறுத்துனது?” மேஸ்திரி ஓடி வந்தார்.

“நான்தான்.”

“உன்ன யாரு கேட்டா? டிரம்முல கலவ இருக்குது, இறுகிடும். மேல பாதித் தளம் நிக்குது. எட்து மாட்டு.”

“மிஷினு உடம்புல கரண்ட்டு இருக்குது மேஸ்திரி. அடுத்தவ எழுந்திரிக்க மாட்டா.”

என் பையில் சோதனை விளக்கு எப்போதும் இருக்கும். ஒரு ஹோல்டரில் பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு முனையை மிஷினில் கட்டினேன். மறு முனையை ஒரு கம்பியில் சுற்றி ஈர மண்ணில் அடித்தேன். பியூசை மாட்டினேன், மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. வெயிலில் தெரிவதற்காகப் பல்பைத் துண்டால் மூடிக் காட்டினேன். மங்கலாக, சிவப்பாக எரிந்தது.

“எரியுதா?”

“எரியுது. பல்புன்னா எரியத்தான் செய்யும்” என்றார் மேஸ்திரி.

பியூசைத் திரும்ப உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த நிமிஷம் நன்றாக நினைவிருக்கிறது. பயம் இல்லை. எனக்கு இந்தத் தொழில் தெரியும், இதில் நான் சொல்வதுதான் சரி என்கிற நினைப்பு ஒன்றே உடம்பு முழுக்க இருந்தது. அதைத் திமிர் என்றும் சொல்லலாம்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. சித்தாள் பெண்கள் எனக்கு எதிராகத் திரும்பினார்கள்.

“தம்பி, கிள்ளுனா கிள்ளிட்டுப் போவுது, குடுத்துடு” என்றார் அஞ்சலையக்கா. “மிஷினு நின்னா எங்களப் போவச் சொல்லிடுவாரு. பாதி நாள் கூலி பூடும். இதுக்கா நான் உன்னண்ட சொன்னேன்?”

“அக்கா, இது கிள்ளுறது இல்ல. அவ விழுந்ததப் பாத்தல்ல? கை புடிச்சிகினு வுடாம இருந்திருந்தா இந்நேரம் தூக்கிக்கினு போயிருப்போம்.”

அவர் செல்லம்மாவைப் பார்த்தார். அவள் இன்னும் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தாள். புடவை முழுக்கச் சிமென்ட் தண்ணீர். அஞ்சலையக்கா போய் அவளைத் தூக்கி நிறுத்தினார். அவள் கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அது சில்லென்று இருந்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கையாலே கலக்கியது

இதற்குள் முசியே வெலோவில் வந்து இறங்கிவிட்டார். மேஸ்திரி நடந்ததைத் தனக்குச் சாதகமாகச் சொன்னார். முசியேவின் முகம் சிவந்தது. பிரெஞ்சு வந்தது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

“தளம் பாதியில நின்னா என்ன ஆகும் தெரியுமா உனக்கு? இணைப்பு ஒட்டாது. நாளைக்கு மழை வந்தா ஒழுகும். யார் பதில் சொல்றது? நீயா?”

அவர் சொன்னதும் நியாயம். காங்கிரீட்டுக்குப் பொறுக்கத் தெரியாது. எனக்கும் அது தெரியும்.

“மத்தியானத்துக்குள்ள சரி பண்ணித் தரேன் முசியே.”

“அதுவரைக்கும்?”

பதில் சொன்னது அஞ்சலையக்கா.

“அதுவரைக்கும் கையால கலக்கறோம். இந்த மிஷினு வர்றதுக்கு முன்னாடி இன்னா, வானத்துலேர்ந்தா கலவ வந்துச்சி? தகரத்த விரிங்க. ஆம்பளைங்க மம்முட்டி எடுங்க. சிரிச்சவனுங்கல்லாம் முன்னால வாங்க.”

முதலில் டிரம்மைக் கையால் சுற்றிக் கவிழ்த்து, உள்ளே இருந்த கலவையை அள்ளினார்கள். பிறகு பெரிய தகரங்களை விரித்தார்கள். மணலும் சிமென்ட்டும் ஜல்லியும் கொட்டினார்கள். எதிரும் புதிருமாக நின்று மண்வெட்டியால் புரட்டினார்கள். அவ்வளவு வேகமாகக் கையால் கலக்கி நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, அதன் பிறகும் பார்த்ததில்லை. கோபத்தில் செய்கிற வேலைக்கு ஒரு வேகம் உண்டு. சட்டிகள் மேலே போய்க்கொண்டே இருந்தன. தளம் நிற்கவில்லை.

முசியே என் பக்கம் திரும்பினார். “மத்தியானம் மிஷின் ஓடணும். ஓடினாலும் சரி, ஓடாட்டியும் சரி, சாயங்காலத்தோட நீ போயிடு. நான் சொல்றத கேக்கறவன்தான் எனக்கு வேணும்.”

“சரி முசியே” என்று சொல்லிவிட்டு மோட்டாரைத் திறக்க உட்கார்ந்தேன். வேலை போனது மனதில் உறைக்கவே இல்லை. கையில் திருப்புளி இருந்தது, எதிரில் மோட்டார் இருந்தது.

கரிக்கும் உப்புக்கும் ஒரு குழி

மோட்டாரில் ஒயர் நுழைகிற பெட்டியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. மிஷின் அதிர அதிர, ஒயரின் மேல்தோல் பெட்டியின் விளிம்பில் உரசித் தேய்ந்து, உள்ளே செம்பு பளபளத்தது. அதிர்வில் அது இரும்பைத் தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டிருந்தது. அதனால்தான் ஒரு சமயம் கிள்ளல், ஒரு சமயம் அடி. தேய்ந்ததை வெட்டி எறிந்து புது ஒயர் போட்டேன். நுழைகிற இடத்தில் விளிம்பு உறுத்தாதபடி ரப்பர் வளையம் செருகினேன்.

இதோடு விட்டால் நாளைக்கு வேறிடத்தில் தேயும். மிஷினுக்கு எர்த் கொடுத்தே ஆக வேண்டும். இரும்பில் எங்காவது கரண்ட் கசிந்தால், மனுஷ உடம்பைத் தேடாமல் ஒரு கம்பி வழியாக நேரே மண்ணுக்கு இறங்கிவிடும், பியூஸும் போய்விடும். அதற்கு ஆழமாகக் குழி வெட்டி, குழாயை நட்டு, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் போட்டு மூட வேண்டும்.

கருவடிக்குப்பத்து மண் மணலும் ஈரமுமாக எனக்கு ஒத்துழைத்தது. இடுப்பளவுக்கு வெட்டியதும் தண்ணீர் கசிந்தது. டீக்கடையில் கரி வாங்கினேன். உப்பு வாங்க ஓடத் திரும்பியபோது, செல்லம்மா ஒரு துணி மூட்டையை நீட்டினாள். அவளை நிழலில் உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

“உப்பு வேணும்னு சொன்னீங்களாமே. கூழ் காய்ச்சற கொட்டாயில இருந்துச்சி.”

“கை எப்படி இருக்குது?”

“எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது.” பிறகு குழிக்குள் எட்டிப் பார்த்தாள். “உப்ப எதுக்குண்ணா மண்ணுல கொட்டறீங்க?”

சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். “அப்ப அது எங்க கையில வர்றதுக்கு முன்னாடி இதுல எறங்கிடும்” என்று அவளே முடித்தாள். நான் பரீட்சையில் ஒரு பக்கத்துக்கு எழுதிய பதில் அது.

முதலில் நீ தொடு

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே முடித்துவிட்டேன். பியூசை மாட்டினேன், மிஷின் ஓடியது. சோதனை விளக்கை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. துண்டால் மூடிக் காட்டினேன். இருட்டாகவே இருந்தது.

ஆனால் குடத்தை எடுக்க ஒருத்தியும் முன்னால் வரவில்லை.

“பல்பு எங்களுக்கு இன்னாத்துக்கு?” என்றார் அஞ்சலையக்கா. “மொதல்ல நீ தொடு.”

செருப்பைக் கழற்றினேன். சேற்றில் இறங்கினேன். குடத்துத் தண்ணீரில் கையை நனைத்து, ஓடுகிற மிஷினின் சட்டத்தில் உள்ளங்கையைப் பதித்தேன். அதிர்வு மட்டும் முழங்கை வரை ஏறியது. இரும்பு வெயிலில் சுட்டது. அவ்வளவுதான். கையை எடுக்காமல் நின்றேன்.

“போதும், எட்து வெய்யி” என்ற அஞ்சலையக்கா மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். “நீங்களும் வாங்க.”

“நான் எதுக்கு?”

“பல்புன்னா எரியத்தான் செய்யும்னீங்களே. மிஷினுன்னா தொடத்தான் செய்யணும். வாங்க.”

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். கொத்தனார்கள் மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஒரு விரலால் தொட்டார். பிறகு கை முழுவதையும் வைத்தார்.

“ஒண்ணும் இல்ல” என்றார், கொஞ்சம் ஏமாந்தவர் மாதிரி.

பெண்கள் குடங்களை எடுத்தார்கள். வெயில் சாயும்போது கடைசிச் சட்டி மேலே போனது. என் குழாய்களில் ஒன்றும் நசுங்கவில்லை என்று ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொண்டேன். பிறகு கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முசியே என்னைப் பார்க்காததுபோல இருந்தார். நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டில் அப்பா கேட்டதும் நடந்ததைச் சொன்னேன். “அந்தப் பொண்ணு நல்லா இருக்குதா?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறாள் என்றேன். “அப்பறம் இன்னா?” என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார்.

மறுநாள்

குழாய் வளைக்கிற கட்டையை மாடியிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். அது என் சொந்தக் கட்டை. எடுத்துக்கொண்டு அப்படியே முத்தியால்பேட்டைப் பட்டறைக்குப் போகலாம் என்று நினைத்துக் காலையில் நிதானமாக நடந்தேன்.

வாசலிலேயே சத்தம் கேட்டது. படிக்கட்டுக்குக் காங்கிரீட் போட வேண்டிய நாள். ஜல்லி தயார், மணல் தயார், மிஷினும் தயார். சித்தாள் பெண்கள் காலிக் குடங்களைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செல்லம்மாவும் இருந்தாள். முசியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“நேத்துதானே மேஸ்திரியே தொட்டுப் பாத்தாரு!” என்றார் முசியே.

“அது நேத்து” என்றார் அஞ்சலையக்கா, உட்கார்ந்தபடியே. “கரண்ட்டுக்காரரு வந்து கை வெச்சிப் பாக்கட்டும். அப்பறம் தண்ணி ஊத்தறோம்.”

நேற்று வரை நான் அவருக்குத் தம்பி. இன்று கரண்ட்டுக்காரர்.

முசியே திரும்பினார். என்னைப் பார்த்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

“ஏன் இவ்வளவு லேட்டு?” என்றார்.

நான் பையை இறக்கி வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். ஈரத்தில் இறங்கி, மிஷினை ஓட்டச் சொல்லி, சோதனை விளக்கை ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டு, கையை நனைத்து இரும்பின் மேல் வைத்தேன்.

“ஊத்துங்க” என்றேன்.